பீடோங்குக்குக் குடிவந்தவர்களுக்கு: பிள்ளைகளோடு வெளியே போக ஒரு வழிகாட்டி

எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தோ, தோட்டத்து ஆபீசுக்கு மாற்றலாகியோ மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் பீடோங்குக்கு வருகிற குடும்பங்கள் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி இது: "பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?" சுற்றிப் பார்த்தால் ஒரு கடைத்தெரு, அதைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கும் செம்பனை, அதையும் தாண்டினால் இன்னும் செம்பனை. அதனால் வார விடுமுறை வந்தால் சுங்கைப்பட்டாணியில் இருக்கும் பேரங்காடிக்குக் காரை விடுகிறார்கள். மூன்று மாதத்தில் அதுவும் அலுத்துப்போகிறது. பிள்ளை பின்சீட்டில் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகிறது.

நான் இந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். படிப்புக்காக வெளியே போய், கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளோடு திரும்பவும் இங்கேயே வந்து சேர்ந்தேன். என் அனுபவத்தில் சொல்கிறேன்: முதல் ஆறு மாதத்துக்கு நான்கைந்து இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். முதல் தடவை பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வரும். இரண்டாம் தடவை முன்னால் ஓடும். மூன்றாம் தடவை, கூட வந்த விருந்தாளிக்கு அதுவே வழி காட்டும். அந்த மூன்றாம் தடவையில்தான் ஊர் அதனுடையதாகிறது. எங்கெங்கே, எப்போது, எப்படி என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கிழமையும் நேரமும்

கோலாலம்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது கிழமையில்தான். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. இதை ஒரு தொந்தரவாக நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் பினாங்குக்காரர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், அருவியும் ஆற்றங்கரையும் உங்களுக்குத்தான். சனிக்கிழமை பினாங்குக் கார்கள் வந்துவிடும். அதனால் கூட்டம் சேரும் இடங்களுக்கு வெள்ளி, கூட்டம் இல்லாத இடங்களுக்குச் சனி என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி நண்பகலில் தொழுகை நேரம். அரசு அலுவலகங்களும் பல கடைகளும் மூடியிருக்கும், பள்ளிவாசல் பக்கத்துச் சாலைகளில் கார்கள் நிறைந்திருக்கும். பதினொன்றரைக்குள் வீடு திரும்புகிற மாதிரி கிளம்புங்கள்.

இங்கே சூரியன் எழவே ஏழு மணிக்கு மேல் ஆகிவிடும். ஏழரையிலிருந்து பத்து வரை பிள்ளைகளின் நேரம். அதற்குப் பிறகு வெயில் தலையைப் பிளக்கும். சாயங்காலம் ஐந்துக்கு மேல் மறுபடி ஒரு வாய்ப்பு. ஜனவரி, பிப்ரவரி காய்ந்து கிடக்கும் மாதங்கள், எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையிலும் பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். அப்போது காலையை விட்டால் அந்த நாளே போய்விடும்.

காரில் எப்போதும் ஒரு பை கிடக்கட்டும்: மாற்றுத்துணி, துண்டு, தண்ணீர், கொசுத் தைலம், ஈரத்துணி போட நெகிழிப் பை, உப்பு ஒரு பொட்டலம். உப்பு அட்டைக்கு. அட்டை கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள், உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழுந்துவிடும்.

தோட்டத்திலிருந்து தொடங்குங்கள்

பிள்ளை பார்க்க வேண்டிய முதல் இடம் உங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆனால் தோட்டம் ஒரு வேலைத்தளம், பூங்கா இல்லை. முதல் வேலையாகத் தோட்டத்து ஆபீசிலோ, அங்கே குடியிருக்கிறவர்களிடமோ கேளுங்கள். எந்தப் பக்கம் குலை வெட்டுகிறார்கள், எந்தப் பக்கம் மருந்து அடிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மருந்து அடித்த பக்கம் பிள்ளையோடு போகவே கூடாது. குலை வெட்டுகிற இடத்தில் மரத்தடியில் நிற்கக் கூடாது. ஒரு குலை ஒரு சின்னப் பிள்ளையின் எடை இருக்கும், முழுக்க முள். வெட்டிப்போட்ட மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கியிருப்பார்கள், அதன்மேல் ஏற விடாதீர்கள். பாம்பு அங்கேதான் படுத்திருக்கும். மண்சாலையிலேயே நடந்தால் போதும்.

நடக்கும்போது கம்பத்தின் மேல் மரப்பெட்டி ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது கூகைக்கு வைத்த வீடு. செம்பனைப் பழத்தை எலி தின்னும், எலியைக் கூகை தின்னும். அதனால் தோட்டத்திலேயே அதற்குப் பெட்டி கட்டிக் கொடுக்கிறார்கள். என் மகளுக்கு நாலு வயதில் இதைச் சொன்னேன். அன்றிலிருந்து எந்தத் தோட்டத்தைக் கடந்தாலும் அவள் கண் பெட்டியைத்தான் தேடும்.

பால்மரம், அதாவது ரப்பர், இப்போது குறைந்துவிட்டது. சிறு நிலக்காரர்களின் துண்டுகள் இன்னும் அங்கங்கே இருக்கின்றன. பால் வெட்டுகிறவர் யாராவது பழக்கமானால் ஒரு நாள் காலையில் வரலாமா என்று கேளுங்கள். விடியும் முன்பே வெட்டத் தொடங்கிவிடுவார்கள்; எட்டு மணிக்குப் போனாலும் மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், பால் சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு சொட்டைப் பிள்ளையின் உள்ளங்கையில் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் உருண்டு நூலாக வரும், இழுத்தால் நீளும். பழைய சட்டையைப் போட்டுக் கூட்டிப் போங்கள், பால் கறை துணியை விட்டுப் போகாது.

காய் வெடிக்கும் காலத்தில் போனால் "டப்" என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கீழே விழுந்த கொட்டை பழுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்டுப் பளபளக்கும். அதைச் சிமெண்டுத் தரையில் பத்துப் பதினைந்து தடவை வேகமாகத் தேய்த்துப் பக்கத்தில் நிற்பவர் கையில் வைத்தால் சுரீர் என்று சுடும். நாங்கள் லயத்து வாசலில் இதைத்தான் நாள் முழுக்க விளையாடினோம். என் அம்மா இதைப் பேரனுக்குச் செய்து காட்டியபோது அவன் கையை உதறிக்கொண்டு, "பாட்டி, இதுக்குள்ள பேட்டரி இருக்கா?" என்று கேட்டான். உராய்ந்தால் சூடாகும் என்பதை அன்றைக்கே புரிந்துகொண்டான். வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் இருந்தால் இந்த நடைக்கு அவர்களைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவர்கள் இல்லாமல் இது வெறும் மரக்கூட்டம். ஒரு எச்சரிக்கை: கொட்டையைச் சின்னப் பிள்ளை வாயில் போட்டுவிடக் கூடாது, நஞ்சு.

பல்கலைக்கழகம் பற்றிச் சுருக்கமாக. எய்ம்ஸ்ட் வளாகம் பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் வழியில் செமிலிங்கில் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர் என்றால் சாயங்கால நடைக்கும் சைக்கிளுக்கும் அதைவிட நல்ல இடம் இல்லை. வெளியாள் என்றால் காவல் சாவடியில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அங்கே படிக்கிற பிள்ளைகள்தான். வீட்டை விட்டு, தம்பி தங்கையை விட்டு வந்து மருத்துவமும் பல் மருத்துவமும் படிக்கிறார்கள். ஒரு தோசைக்கு வீட்டுக்கு அழைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் உங்கள் மகனுக்குப் பூப்பந்து சொல்லித்தர அவர்களே வந்து நிற்பார்கள்.

கடாரத்தில் ஒரு காலை

நாம் குடியிருக்கும் இந்த மண்தான் கடாரம். இராஜேந்திர சோழன் 1025இல் கடற்படை அனுப்பியதும், கடாரங்கொண்டான் என்று பெயர் பெற்றதும் பள்ளியில் படிக்கிற வரிகள். அந்தக் கடாரத்தின் கற்களை நம் பிள்ளைகள் அரை மணி நேரப் பயணத்தில் தொட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து ஆசைப்பட்டு வந்து பார்க்கிறார்கள், பக்கத்தில் இருக்கும் நாம் போவதில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் இங்கே போங்கள்.

மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெராய் மலையடிவாரம், நிழல் உண்டு, சரிவாக ஏறும் பாதை உண்டு. தள்ளுவண்டி சரிப்படாது, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். எல்லோரும் முதலில் காட்சிக்கூடத்துக்குள் நுழைவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் கால் வலிக்கும். முதலில் மேலே ஏறிப் புக்கிட் பத்து பகாட் கோயிலுக்குப் போங்கள்.

அது முழுக்கக் கருங்கல்லால் ஆன அடித்தளம். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இந்தப் பள்ளத்தாக்கில் அகழ்ந்தார். 1960 வாக்கில் அலஸ்டேர் லாம்ப் என்பவர் இந்தக் கோயிலை அது இருந்த இடத்திலேயே திரும்ப எடுத்துக் கட்டினார். கருவறை ஒரு பக்கம், அதற்கு முன்னால் மண்டபம். நம் கோயில்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம், எது கருவறை, எங்கே நின்று கும்பிட்டிருப்பார்கள் என்று தானே காட்டிவிடும். மண்டபத்தில் வரிசையாகத் தூண் பீடக் கற்கள் இருக்கின்றன. மேலே மரத்தூண் நின்றது, கூரையும் மரம்தான், அதெல்லாம் மக்கிப்போய்விட்டது. கல் மட்டும் மிச்சம்.

இங்கே பிள்ளைகளுக்கு மூன்று வேலை கொடுங்கள். ஒன்று, பீடக் கற்களை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு, அந்த மரக்கூரை எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். மூன்று, கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஓடும் ஓடையின் சத்தம் கேட்கும். கோயிலுக்கு ஏன் இந்த இடத்தைப் பிடித்தார்கள் என்று கேளுங்கள். என் மகன் சொன்ன பதில், "அபிஷேகத்துக்குத் தண்ணி வேணும்ல." கல்லின் மேல் ஏறிக் குதிக்க விடாதீர்கள், இதை வண்டியிலிருந்து இறங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அதற்குப் பிறகு கீழே இறங்கிக் காட்சிக்கூடத்துக்கு வாருங்கள். மணிகள், சீனப் பீங்கான் துண்டுகள், கோயிலுக்கு அடியில் புதைத்து வைத்த கற்பேழைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. இப்போது அவை வெறும் பொருளாகத் தெரியாது. மேலே பார்த்த வீட்டின் சாமான்களாகத் தெரியும். வேறு இடங்களில் தோண்டிய சில கோயில் அடித்தளங்களையும் இதே வளாகத்தில் கொண்டுவந்து அமைத்திருக்கிறார்கள்.

போரைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். படை வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே வணிகர்கள் பாய்மரக் கப்பலில் வந்து, காற்று மாறும் வரை இங்கே தங்கி, மழைக்காட்டுப் பொருளும் இரும்பும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். இரும்பைப் பார்க்க வேண்டுமென்றால் திரும்பும் வழியில் சுங்கை பத்து அகழாய்வுத் தளம் இருக்கிறது. இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், செங்கல் அடுக்கிய படகுத்துறைகளும் அங்கே கிடைத்தன. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஏற்ற இடம். சின்னதுகளுக்கு வெயில் தாங்காது.

இன்னொன்றையும் பெரிய பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு கோயில் அடித்தளம் 2013இல் வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்டது. ஒரு இடம் காப்பாற்றப்பட வேண்டுமென்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவும்தான் போகச் சொல்கிறேன்.

அருவிக்கு முன் ஜெராயைப் பாருங்கள்

ஜெராய் 1,217 மீட்டர் உயரம். அதைச் சுற்றி அருவிகள். மெர்போக் பக்கம் தூப்பா, யான் பக்கம் தீத்தி ஹாயூன், செரி பெரிகி. பிள்ளைகள் எதைக் கேட்கிறார்களோ இல்லையோ, அருவியைக் கேட்பார்கள். அழைத்துப் போங்கள், ஆனால் நான் சொல்வதை இந்த வரிசையில் செய்யுங்கள்.

வீட்டு வாசலில் நின்று மலையைப் பாருங்கள். ஜெராயின் தலை தெளிவாகத் தெரிந்தால் கிளம்பலாம். கருமேகம் மூடியிருந்தால், கீழே எவ்வளவு வெயில் அடித்தாலும், அன்று வேண்டாம். மேலே பெய்த மழை மொத்தமாக ஒரே அடியாக இறங்கும். அதைத்தான் இங்கே கெப்பாலா ஆயர் என்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 18 அன்று இந்த மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் பாறையையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வந்தது. யான் பக்கமும் மெர்போக் பக்கமும் பட்ட பாட்டை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உயிர்கள் போயின. அதன்பிறகு சில இடங்கள் திருத்தப்பட்டன, சில நேரங்களில் மூடவும் செய்கிறார்கள். அதனால் போகும் முன் இடம் திறந்திருக்கிறதா என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் தண்ணீரில் இறங்கும் முன் ஏறி வெளியேறும் வழி எது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆற்று நடுவில் இருக்கும் பாறையில் பாய் விரிக்காதீர்கள், கரையில் உட்காருங்கள். ஒருவர் தண்ணீரில் இறங்காமல் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் கணவரின் வேலை, கைப்பேசி அவர் கையில் இருக்காது. தெளிந்த தண்ணீர் திடீரென்று தேநீர் நிறத்துக்கு மாறினால், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தால், தண்ணீரின் இரைச்சல் கூடினால், செருப்பைத் தேடாமல், சாமானை எடுக்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுங்கள்.

ஒருமுறை நாங்கள் அப்படி ஏறினோம். சோறு, ரசம், பாய் எல்லாம் பாறையிலேயே கிடந்தது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பாறையே இல்லை, தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. என் மகள் என் கழுத்தை விடவே இல்லை. அதற்குப் பிறகும் அருவிக்குப் போகிறோம். மேகம் பார்த்துத்தான் போகிறோம்.

ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் காய்ச்சல் இந்த மாதிரி இடங்களில் வருவதுண்டு. காலில் புண் இருக்கும் பிள்ளை அன்று கரையிலேயே இருக்கட்டும். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வையுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மலை உச்சிக்குக் குரூண் பக்கத்திலிருந்து கார்ச்சாலை ஏறுகிறது. மேலே குளிரும். ஒரு பக்கம் வயல்கள் பாய் விரித்த மாதிரி, மறுபக்கம் கடல். வளைவு அதிகம், வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு வயிறு முட்டச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஏற வேண்டாம். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்ன கியரில் வாருங்கள்.

ஆறும் கடலும்

மெர்போக் ஆறு அலையாத்திக் காட்டுக்குப் பேர்போனது. செமிலிங் படகுத்துறைப் பக்கம் படகுக்காரர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே பேசி இரண்டு கேள்வி கேளுங்கள்: பிள்ளைகள் அளவில் மிதவைச் சட்டை இருக்கிறதா? தண்ணீர் எப்போது வற்றும்? பெரியவர் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது கழன்று மேலே போய்விடும், அதனால் அளவு முக்கியம். தண்ணீர் வற்றும் நேரத்தில் போனால்தான் சேறு தெரியும். சேறு தெரிந்தால்தான் வேடிக்கை: ஒரு கை மட்டும் பெரிதான சின்ன நண்டுகள் அந்தக் கையை ஆட்டிக்கொண்டிருக்கும், மீன் ஒன்று துடுப்பை ஊன்றிச் சேற்றில் துள்ளித் துள்ளிப் போகும், மரத்தின் வேர்கள் மூச்சு விடுவதற்காக மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் தஞ்சோங் டாவாய். கருவாடும் நெத்திலியும் வெயிலில் காய்கிற மீனவர் ஊர். அங்கிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகு உண்டு. ஓடுகிறதா என்று போனதும் கேட்டுவிடுங்கள். குட்டிப் பயணம்தான், ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது கப்பல் பயணம். திரும்பும்போது நெத்திலி வாங்காமல் வந்தால் வீட்டில் பெரியவர்கள் விடமாட்டார்கள்.

ரயில்

சுங்கைப்பட்டாணி நிலையத்திலிருந்து பட்டர்வொர்த்துக்குக் கோமுட்டர் ஓடுகிறது. நேர அட்டவணையை முந்தின நாளே பார்த்துவிடுங்கள், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். பட்டர்வொர்த்தில் இறங்கினால் பெர்ரித் துறை பக்கத்திலேயே. தண்ணீரைக் கடந்து ஜார்ஜ்டவுனில் இறங்கி, லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பெர்ரியில் திரும்பிவிடுங்கள். ரயிலும் பெர்ரியும்தான் அன்றைய விளையாட்டு. பினாங்கில் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் காட்டப் பார்த்தால் மாலையில் பிள்ளை அழும், நீங்களும் களைத்துப்போவீர்கள்.

மழை நாள், திருவிழா நாள்

மழை பிடித்துக்கொண்டால் சுங்கைப்பட்டாணி நூலகம் இருக்கிறது. மழை இல்லாத சாயங்காலத்துக்கு அதே ஊரில் ஜுப்ளி பேராக் பூங்கா, ஊஞ்சலும் சறுக்கும் ஓட இடமும் உண்டு. வாரம் ஒரு நாள் பசார் மாலம் என்ற இரவுச் சந்தை. ஆப்பம் பாலிக் சுடுகிறவர் மாவை ஊற்றிக் கடலையும் சீனியும் தூவி மடிப்பதைப் பிள்ளைகள் எத்தனை தடவை வேண்டுமானாலும் நின்று பார்ப்பார்கள்.

தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் அழைப்பு வந்தால் தட்டாதீர்கள். அழைப்பு வராவிட்டாலும் போங்கள், அன்னதானப் பந்தியில் யாரும் உங்களை யாரென்று கேட்க மாட்டார்கள். இலையை எடுத்துவைக்கும்போதுதான், "எந்தப் பக்கம்மா வீடு?" என்று ஒரு பாட்டி விசாரிப்பார். எங்களுக்கு இந்த ஊரில் கிடைத்த நட்பில் பாதி அப்படி வந்ததுதான்.

தைப்பூசத்துக்குச் சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் கோயிலில் கூட்டம் அலைமோதும். விடியற்காலையிலேயே போய்விடுங்கள். பிள்ளையின் முன்கையில் உங்கள் எண்ணைப் பேனாவால் எழுதி, அழியாமல் இருக்க மேலே ஒளிபுகும் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டுங்கள். தொலைந்தால் எங்கேயும் நடக்காமல், தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருக்கும் அக்கா யாரிடமாவது போய்க் கையைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டிலேயே இரண்டு தடவை நடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.